ஐந்தாம் மாதத்துப் பெஞ்சு

1. முதல் புதன்கிழமை

நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு புதன்கிழமை. புதன்கிழமை என்றால் ஏ.என். கிளினிக், கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாள். தாம்பரத்திலிருந்து இரும்புலியூர் போகும் வழியில், ஓடு போட்ட ஒரு கட்டடத்தில் எங்கள் பிரசவ நிலையம் இருந்தது. அறுபதுகளின் கடைசி. ஆறு கட்டில், ஒரு லேபர் ரூம், முன்னால் நீளமான வராந்தா. புதனன்று மட்டும் லேடி டாக்டர் மின்சார ரயிலில் வந்து இறங்குவார். மற்ற நாட்களில் நானும் ஆயா முனியம்மாவும்தான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வாய்க்கு மட்டும் நாற்பது வயது. மிட்வைஃப் பரீட்சையில் எங்கள் பேட்சில் நான்தான் முதல். அப்பா ரயில்வே கிளார்க். எங்கள் வீட்டில் ஜெபத்துக்கும் சாப்பாட்டுக்கும் நிமிடம் தவறாத நேரம் உண்டு. அந்த ஒழுங்கை இங்கேயும் கொண்டுவந்துவிடலாம் என்ற நினைப்போடு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் வராந்தாவில் ஏறினேன். சந்தைக்குள் வந்துவிட்டேனோ என்று இருந்தது.

"அது அப்டித்தான் நர்சம்மா" என்றாள் முனியம்மா. "வாந்தி எட்துகினு கீறவங்க சொவத்தோரம் பாயில. எட்டு மாசம், ஒம்போது மாசம் நாற்காலில. நடு மாசத்துக்காரங்க பெஞ்சுல. யாரும் சொல்லல, அதுங்களே உக்காந்துக்கும்."

சத்தம் வந்தது பெஞ்சிலிருந்துதான். ஐந்தாம், ஆறாம் மாதத்துப் பெண்கள் எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிக் கட்டுவார்களாமே என்று ஒருத்தி கேட்டாள். எங்கள் மருத்துவச்சி குத்தவைத்துத்தான் பார்ப்பாள், அதுதான் சுலபம் என்றாள் இன்னொருத்தி. எனிமா கொடுத்தால் வலிக்குமா, கத்தினால் நர்ஸ் அறைவாளா, அம்மாவை உள்ளே விடுவார்களா என்று கேள்விகள் ஓயவில்லை. கருத்தடைக்கு லூப் போட்டு எடுத்த ஒருத்தியிடம் மட்டும் எல்லோரும் தலையைத் தாழ்த்தி ரகசியமாக விசாரித்தார்கள்.

இதற்கெல்லாம் தலைவி சரோஜா. தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி விற்பவள். நாலாவது கர்ப்பம், ஐந்து மாதம். முதல் பிள்ளையை வீட்டிலும், இரண்டாவதைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலும், மூன்றாவதை எங்கள் சென்டரிலும் பெற்றவள். மூன்று இடத்தையும் பார்த்தவள் என்பதால் பெஞ்சில் அவள் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

"வூட்ல பெத்தா சொகமாத்தான் கீது. ஆனா ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு கீறா? இங்க வந்தா திட்டுவாங்க. திட்டிகினே காப்பாத்திடுவாங்க. எனக்கு திட்டே தேவல" என்று அவள் சொல்ல, பெஞ்சே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது யோசித்தால் புரிகிறது. முதல் மூன்று மாதம் வாந்தியிலேயே போய்விடும். கடைசி மாதங்களில் எல்லாம் முடிவாகியிருக்கும். எங்கே பெறுவது, யாரிடம் பெறுவது என்று ஒரு பெண் வாய்விட்டுப் பேசுகிற காலம் அந்த நடு மாதங்கள்தான். கூட வந்த மாமியாரும் அம்மாவும் கேட்டுக்கு வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெயரைக் கூப்பிட்டால்தான் உள்ளே வருவார்கள். ஆக, பெரியவர்கள் காது எட்டாத இடம் அந்தப் பெஞ்சு ஒன்றுதான். எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் சத்தம்.

2. நாலு எழுத்து

மூன்றாவது புதன்கிழமை கஸ்தூரி வந்தாள். இருபத்தொரு வயது, ஒல்லி, அதிகம் பேசாதவள். பிறந்த வீடு படப்பைக்கு உள்ளே ஒரு கிராமம். புகுந்த வீடு இரும்புலியூர், ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். புருஷன் சண்முகம் பல்லாவரத்தில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தான். இரண்டாவது கர்ப்பம், ஐந்து மாதம். பெயரைக் கூப்பிட்டதும் மாமியார் ராஜம்மாளும் கூடவே மேஜைக்கு வந்து நின்றார். அதுதான் வழக்கம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

புது கார்டு எடுத்து ஹிஸ்டரி எழுத ஆரம்பித்தேன்.

"முதல் பிரசவம் எங்க?"

"அம்மா வீட்டுல, சிஸ்டர்."

"நார்மல்தானே?"

கஸ்தூரி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ராஜம்மாள் பதில் சொல்லிவிட்டார்.

"சொகப்பிரசவம்தாம்மா. சம்பந்தியம்மா சொன்னாங்க. அப்பறம் காய்ச்சல் வந்துடுச்சின்னு மூணு மாசம் அங்கேயே வெச்சிருந்து அனுப்பினாங்க."

பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல், மூன்று மாதம். பரீட்சையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் அரைப் பக்கம் எழுதியிருப்பேன். அன்று எனக்குப் பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள். கார்டில் எஃப்.டி.என்.டி. என்று எழுதினேன். நிறைமாதம், இயல்பான பிரசவம் என்று அர்த்தம்.

"இந்தத் தடவை எங்க பிரசவம்?"

"மொதல் பிரசவம் தாய் வூட்டுல, ரெண்டாவது எங்க வூட்டுல. அதான் எங்க முறை. எங்க மருத்துவச்சி கீறா, அவதான் எம் பசங்க எல்லாருக்கும் பாத்தா" என்றார் ராஜம்மாள். பெருமையாகத்தான் சொன்னார். மருமகளை அக்கறையாகக் கூட்டிக்கொண்டு வந்த மாமியார் அவர். பாதிப் பேர் அதுகூடச் செய்ய மாட்டார்கள்.

பி.பி. பார்த்து, வயிற்றைப் பார்த்து, டாக்டருக்காகக் காத்திருக்கச் சொன்னேன். ராஜம்மாள் வெளியே போனார். கஸ்தூரி பெஞ்சில் போய் சரோஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள். சரோஜா அவள் முழங்கால் மேல் கை வைத்துக் குனிந்து எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. வந்த முதல் நாளே ஒரு சின்னப் பெண்ணைப் பயமுறுத்தி அழவைத்துவிட்டாளே என்று நினைத்தேன். இவர்கள் கூட்டத்தைக் கலைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

3. அமைதி

அடுத்த புதன்கிழமை வராந்தா அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. அட்டையில் நம்பர் எழுதி ஆளுக்கொன்று கொடுத்தேன். பெஞ்சைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். ஆளுக்கு ஆள் ஒரு முழம் இடைவெளி. சுவரில் 'அமைதி' என்று கறுப்பு பெயிண்டில் எழுதிய பலகை. பத்து நிமிடம் முருங்கைக்கீரையைப் பற்றியும் முளைக்கீரையைப் பற்றியும் நான் பிரசங்கம் செய்வேன், அவர்கள் தலையாட்ட வேண்டும். பேசினால் கடைசி நம்பர்.

டாக்டர் உள்ளே நுழைந்ததும் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "வெரி குட், ஜெயமணி. இப்பதான் ஹாஸ்பிடல் மாதிரி இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

முனியம்மா மட்டும் முணுமுணுத்தாள். "வூட்ல பேச முடியாதத பேசத்தான் பாதிப் பேரு இங்க வருதுங்க நர்சம்மா."

"பெருக்கற வேலையைப் பார்" என்றேன்.

4. நம்பர் பதினொன்று

கஸ்தூரிக்கு ஆறாவது மாதம் முடிகிற சமயம். டிரெஸ்ஸிங் ரூமில் நான் கிருமி நீக்கும் டிரம்மில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தேன். சரோஜா வாசலில் வந்து நின்றாள். வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தாள், முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"நர்சம்மா, ஒரு பேச்சு. அந்த கஸ்தூரிப் பொண்ணு இங்கதான் பெக்கணும். அவ மாமியாகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லேன்."

"ஏன், அவளுக்கு என்ன?"

"அத்த நான் சொல்லக்கூடாது. எங்கிட்ட சத்தியம் வாங்கிகினா. நீ அவள தனியா கூப்ட்டு கேளு. மாமியா இல்லாம கேட்டா சொல்லுவா."

"கார்டுல நார்மல்னு இருக்கு."

"கார்டு கெடக்குது நர்சம்மா. நீ கேளு."

இந்த 'கார்டு கெடக்குது' எனக்குச் சுருக்கென்று தைத்தது. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவள் நான் எழுதிய கார்டைக் கிடக்கட்டும் என்கிறாள். "காய்கறி விக்கறவ எனக்கு மிட்வைஃபரி சொல்லித் தர்றியா? உன் நம்பர் என்ன?"

"பதினொண்ணு."

"போய் உக்காரு. கூப்பிடறேன்."

அவள் உடனே போகவில்லை. "கேப்பியா?" என்றாள். "கேக்கறேன், போ" என்றேன். போய்விட்டாள்.

கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால்கூட, வேலை மும்முரத்தில் மறந்துவிட்டது என்று இன்று ஒரு சாக்கு சொல்லலாம். கஸ்தூரியைக் கூப்பிட்டேன், மாமியாரும் வந்தார். பி.பி. பட்டையைச் சுற்றிக்கொண்டே, "ஏதாவது சொல்லணுமா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர்" என்றாள்.

கொஞ்சம் வெளியே இருங்கள் அம்மா என்று ராஜம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் கோபித்துக்கொண்டிருக்கக்கூட மாட்டார். நான் சொல்லவில்லை. வழக்கமில்லை என்பது பாதிக் காரணம். சரோஜா சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது மீதிக் காரணம். அந்தப் பெண் ஒன்றும் இல்லை என்றதும் எனக்கு உள்ளுக்குள் திருப்திதான். இதை இத்தனை வருடம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

5. சண்முகத்தின் சைக்கிள்

மூன்று மாதம் கழித்து, ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். சண்முகம் சைக்கிளைக் கேட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"சிஸ்டர், கொழந்தை பொறந்துடுச்சி. ஆம்பளப் பிள்ளை. நஞ்சுக்கொடி இன்னும் வரல. ரத்தம் நிக்க மாட்டேங்குது."

பையை எடுத்துக்கொண்டு அவன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தேன். குழந்தை பிறந்து எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டேன். "வெடிகாலையில" என்றான். அதற்கு மேல் வழியில் நான் எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் பின்கட்டு அறையில் பாய் மேல் கிடந்தாள். கோணியும் பழைய துணியும் எல்லாம் நனைந்துவிட்டிருந்தன. மருத்துவச்சி ஒதுங்கி நின்றாள். "நான் கைய வெக்கலம்மா. தானா வரும்னு பாத்தேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கையை விட்டு இழுக்காமல் இருந்தாளே, அதுவே பெரிது. ரத்தத்தை நிறுத்த எர்கோமெட்ரின் ஊசி போட்டேன். வயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். நாடி நூலாக ஓடியது. நஞ்சை எடுக்க டாக்டர் வேண்டும், மயக்க மருந்து வேண்டும், ரத்தம் வேண்டும். அதில் ஒன்றுகூட என் பையில் இல்லை. ஸ்டேஷனுக்குப் போய் டாக்ஸி கொண்டுவரச் சொல்லி சண்முகத்தை விரட்டினேன்.

கஸ்தூரிக்கு நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன தடவையும் இப்படித்தான் சிஸ்டர்" என்றாள்.

கால்மாட்டில் நின்ற ராஜம்மாள் அவள் முகத்தருகே வந்து குனிந்தார். "இன்னாடி சொல்ற?"

"மொத தடவையும் நஞ்சு வரல அத்தை. சாயங்காலம் வரைக்கும் வரல. கைய விட்டு பிச்சித்தான் எடுத்தாங்க. அப்பறம்தான் காய்ச்சல். அம்மா உங்ககிட்ட சொல்லாதேன்னாங்க."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டி கட்டி உன்ன பெரியாஸ்பத்திரியில கொண்டுபோய் படுக்க வெச்சிருப்பேனேடி. ஒரு மாசம் முன்னாடியே வெச்சிருப்பேனே. உங்கிட்ட நான் அப்டியா இருந்தேன்?"

இந்த மாமியாரிடம் அப்படியொரு பதில் இருக்கும் என்று கஸ்தூரிக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

டாக்ஸி வந்தது. பின் சீட்டில் ராஜம்மாள் மடியில் அவள் தலை, கீழே ரப்பர் ஷீட், நான் கால் பக்கம். ஜி.எஸ்.டி. ரோட்டில் டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. குரோம்பேட்டை தாண்டினோம், பல்லாவரம் தாண்டினோம். மீனம்பாக்கம் வருவதற்குள் என் விரலுக்கு அடியில் நாடி நின்றுவிட்டது. ராஜம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார். நான் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை அவர் விசிறிக்கொண்டே வந்தார்.

மறுநாள் படப்பையிலிருந்து கஸ்தூரியின் அம்மா வந்திருந்தாள். நோஞ்சான் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புகுந்த வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துதான் மறைத்ததாகச் சொல்லி, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ராஜம்மாள் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. குழந்தையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் வாசலில் நின்று இதைப் பார்த்தேன். உள்ளே போக எனக்கு முகமில்லை.

6. என் மேல் தப்பில்லை

அடுத்த புதன்கிழமை டாக்டர் கஸ்தூரியின் கார்டை எடுத்துப் பார்த்தார். மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். "ப்ரீவியஸ் ஹிஸ்டரி நார்மல். ஹோம் டெலிவரி அவங்க டெசிஷன். உன் மேல தப்பில்ல ஜெயமணி, பயப்படாதே. இனிமே இந்தக் கார்டுல கை மட்டும் வெக்காதே" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் சரியாகக் கேட்காமல் எழுதிய நாலு எழுத்து என் வேலையைக் காப்பாற்றியது. சரோஜா என்னிடம் வந்து சொன்னாள் என்பதை அன்று நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

நம்பர் அட்டைகளை அடுப்பில் போட்டேன். பலகையைக் கழற்றி, பெஞ்சைப் பழையபடி திருப்பினேன். யாரும் பேசவில்லை. பேசலாம் என்று நானே சொன்னேன், அப்போதும் பேசவில்லை. சிஸ்டர் பேசச் சொன்னால் யார் பேசுவார்கள்? இரண்டு மூன்று மாதம் ஆயிற்று, மெல்ல மெல்லத்தான் வாய் திறந்தது. பிற்பாடு கீரைப் பிரசங்கத்தை விட்டுவிட்டு, ஊசிகளைத் துடைக்கிற சாக்கில் அவர்கள் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஹிஸ்டரி எழுதும்போது கூட வந்தவர்கள், யாராக இருந்தாலும், வராந்தாவுக்கு வெளியே. நார்மலா என்று கேட்பதை அடியோடு நிறுத்தினேன். "கொழந்தை பொறந்து எத்தனை நாள் கழிச்சு நீயா எழுந்து நடந்தே?" என்று கேட்பேன். பதிலில் எல்லாம் வந்துவிடும். எழுபதுகளில் வேறு சென்டர்களுக்கு மாற்றலாகிப் போனபோதும் இதைத்தான் செய்தேன். சிலரை அதனால் காப்பாற்ற முடிந்தது. அதனால் கஸ்தூரியின் கணக்கு நேராகிவிடவில்லை.

கஸ்தூரி போனபின் சரோஜா மட்டும் வரவே இல்லை. அவளும் கஸ்தூரியும் ஒரே மாதம், தேதியும் தாண்டிவிட்டிருந்தது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போனேன். கத்தரிக்காய்க் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை. வீட்டிலேயே பெற்றுவிட்டாளாம்.

என்னைப் பார்த்தால் கத்துவாள், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். வாங்கினால் வாங்கட்டும் என்று இருந்தேன். அவள் கத்தவில்லை. நான்தான் தட்டுத்தடுமாறி, "நீ சொன்னே. நான் சரியா கேக்கல. தப்பு என் மேலதான் சரோஜா" என்றேன்.

"உன் தப்ப நீ பாத்துக்கோ நர்சம்மா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் தப்பு வேற கீது. சத்தியமாவது ஒண்ணாவதுன்னு நானே அந்த மாமியாகிட்ட போய் சொல்லியிருப்பேன். கேட்டுக்கு வெளியதான குந்திகினு இருந்துச்சு? நாலு தபா வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பறம் இன்னா நெனச்சேன், நர்சம்மாகிட்ட சொல்லியாச்சு, படிச்சவங்க, அவங்க பாத்துக்குவாங்கன்னு வாய மூடிகினேன்."

அன்று முதல் இன்று வரை நான் நினைத்து வருந்துவது இந்த ஒன்றைத்தான். கஸ்தூரிக்காகப் பேச ஒருத்தி இருந்தாள். நான் கேட்டுக்கொண்டேன் என்று நம்பித்தான் அவள் சும்மா இருந்தாள்.

இப்போது வேலைக்கு வரும் பெண்களுக்கு என்னைவிடப் படிப்பு அதிகம். ஸ்கேன் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒரு கர்ப்பிணிக்காக இன்னொரு கர்ப்பிணி உங்கள் வாசலில் வந்து நின்றால், கையில் இருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். அவள் படிக்காதவளாக இருக்கலாம், வாயாடியாக இருக்கலாம். தன் பாரத்தை உங்களிடம் இறக்கிவைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். நீங்கள் அதை வாங்கிக்கொள்ளவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.